ஒன்றரை முழம்

கடத்தூர் பஸ் நிலையத்துக்கு எதிர்வரிசையில் என் ஜெராக்ஸ் கடை. அடுத்த கதவு கதிரவனுடையது. கிரிக்கெட் மட்டை, கேரம் போர்டு, பள்ளி விளையாட்டு விழாவுக்கான கோப்பைகள் எல்லாம் விற்பான். ஒரு மூலையில் மூங்கில் வில்லும் அம்பும் இருக்கும். மற்றதை வாங்க இரண்டு நிமிடம் போதும். அம்பு வாங்க வருகிறவர் மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது, அவ்வளவு நேரம் பிடிக்கும்.

"வில்லு யாருக்குங்க?" என்று ஆரம்பிப்பான். பையனுக்கு என்றால், "பையன் எங்க?" என்பான். பையன் வரவில்லை என்றால் வியாபாரம் அத்தோடு முடிந்தது. வந்தால், அங்குலம் குறித்த நீளமான அம்பு ஒன்றை வில்லில் ஏற்றிக் கொடுத்து, தாடை வரைக்கும் இழுக்கச் சொல்வான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முதல் தடவை எல்லோரும் கூச்சத்தில் கையைக் குறுக்கிக்கொள்வார்கள், மூன்றாவது தடவைதான் உண்மையான கை தெரியும் என்பது அவன் கண்டுபிடிப்பு. வில்லின் இழுவை எத்தனை பவுண்டு என்று கேட்பான். பலமான வில்லுக்கு நோஞ்சான் அம்பு போட்டால் அடி வில்லுக்கே திரும்பும், வில் பிளந்துவிடும் என்பான். பிறகு ஒவ்வோர் அம்பையும் காதோரம் வைத்து மெல்ல வளைப்பான். உள்ளே கீறல் இருந்தால் அது முனகும். முனகிய அம்பை அங்கேயே இரண்டாக ஒடித்துப் போடுவான்.

"அம்பு கேட்டா ஜாதகம் பாக்கறானே" என்று ஜனங்கள் என்னிடம் வந்து குறைப்படுவார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இத்தனை பார்த்து அளந்தவன் கடைசியில் ஒரு காரியம் செய்வான். அளவு இருபத்தாறு வந்தால் முப்பதில் வெட்டுவான். இருபத்தெட்டு வந்தால் முப்பத்திரண்டு. எல்லோருக்கும் நாலு அங்குலம் கூடுதல். அம்பு நீண்டால் தொளதொளத்துப் போகும், குறிக்குக் கீழே போய்க் குத்தும். அவனுக்குத் தெரியாததில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் போட்டிக்குப் போய்க் கீழே கீழே அடித்துத் தோற்று வந்தார்கள். கதிரவன் கடை அம்புக்கு 'ஒட்டடைக் குச்சி' என்று பெயர் வந்தது. பி.டி. வாத்தியார்கள் ஒவ்வொருவராக வேறு கடைக்குப் போனார்கள். சொல்லிப் பார்த்தேன்.

"குட்டையா போறதுக்கு நெட்டையா போட்டுங்க்கா" என்பான். அதற்கு மேல் பேச மாட்டான்.

அவன் அப்படி ஆனவன்தான், பிறந்தவன் இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் வேலை பார்த்து, சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவன். ஆள் குள்ளம். வாலிபால் ஆடுவான். வலைக்குக் கீழே குனியாமல் நடந்து போகிற ஒரே ஆட்டக்காரன் என்று அவன் மனைவி சுசித்ராவே கேலி செய்வாள். அவனும் சேர்ந்து சிரிப்பான். கடை திறந்த புதிதில் வாய் ஓயாது, கடகடவென்று பேசுவான். அதெல்லாம் கோகிலாவின் கை போன நாளோடு சரி.

கோகிலா வத்தல்மலைப் பெண். கீழே ஒரு பள்ளியில் ஹாஸ்டலில் தங்கி எட்டாவது படித்தாள். அந்தப் பள்ளியில் மூங்கில் வில் பழக்கினார்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஆறு அம்பு, முறை வைத்துத்தான் எய்ய வேண்டும். அவள் அப்பா குள்ளன், மலையில் சாமையும் ராகியும் போடுகிறவர். பெயர்தான் குள்ளன், ஆள் பனைமரம். மகளுக்குச் சொந்தமாக அம்பு வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஹாஸ்டலுக்கு வந்தபோது, அவளுக்குச் சரியாக இருந்த பள்ளி அம்பைத் தன் கையால் முழம் போட்டுப் பார்த்து வைத்துக்கொண்டார். மலையில் எல்லாமே முழம்தான். கயிறு முழம், பூ முழம், பாய் முழம். மலையை விட்டு இறங்கினால் ஒரு நாள் கூலி போகும் என்று கதிரவனுக்குப் போன் போட்டார். அந்தப் போனை எடுத்தது நான்.

கதிரவன் தன் போனை என் கடையில் சார்ஜ் போட்டுவிட்டு, தர்மபுரிக்குப் பார்சல் எடுக்கப் போயிருந்தான். எனக்கோ கடை நிறைய கூட்டம். சாதிச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப் என்று ஆளாளுக்கு நீட்டிக்கொண்டிருந்தார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"ஆறு அம்பு வேணுமுங்க. எம் மொழத்துல ஒன்ற மொழம். எம் பொண்ணுக்குங்க" என்றார் அவர்.

வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதினேன்: 'குள்ளன், வத்தல்மலை. 6 அம்பு. ஒன்றரை முழம்.'

'என் முழத்தில்' என்பதை எழுதவில்லை. இரண்டே சொல். யாரோ ஒருவர் ஆதார் அட்டை நகலுக்கு அவசரப்படுத்தினார், விட்டுவிட்டேன். அந்த இரண்டு சொல்லை எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒன்பது வருடமாக எழுதிப் பார்க்கிறேன். ஒரு மூச்சு கூடப் பிடிப்பதில்லை.

கதிரவன் வந்தான், சீட்டைப் பார்த்தான், தன் குட்டைக் கையால் ஒன்றரை முழம் போட்டு ஆறையும் வெட்டினான். வாரச் சந்தைக்கு வந்த குள்ளன் கட்டுப் பிரிக்காமல் வாங்கிப் போய் மகளிடம் கொடுத்தார். அம்பு மூன்று அங்குலம் குறை. அவள் முதல் அம்பை ஆசையாக முழுக்க இழுத்தபோது முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து, வில் பிடித்த இடது கையின் மேல் விழுந்திருக்கிறது. அவள் அதைக் கவனிக்காமல் நாணை விட்டுவிட்டாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஏறி மறுபக்கம் வந்துவிட்டது. பதின்மூன்று வயது. இரண்டு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அந்த இரண்டு விரலும் ஒன்றை ஒன்று தொடவில்லை. இன்றுவரை தொடுவதில்லை.

கதிரவன் மலைக்குப் போனான். அடி விழும் என்று நினைத்துத்தான் போனான், விழுந்தால் நல்லது என்றும் நினைத்தான். குள்ளன் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அளவு தப்பிப் போச்சுங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம். ராகிக்களி போட்டுக் கொடுத்தாராம். தட்டை நீட்டிய அந்த நீளமான கையைப் பார்த்ததும்தான் இவனுக்கு விஷயம் விளங்கியிருக்கிறது.

திரும்பி வந்து நேராக என் கடைக்குள் வந்தான். முகம் செத்திருந்தது.

"அவரு மொழம் பெருசுங்க்கா. நான் எங்கையில அளந்துட்டேன். போன்ல வேற எதாச்சும் சொன்னாராக்கா?"

"இல்லப்பா" என்றேன்.

அப்படிச் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு திருத்த ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடம் போய்விட்டது. பிறகு ஒரு நாள், ஒரு வாரம், ஒரு வருடம் என்று போனது.

"யாவாரம் பண்றவன் நான்தான கேட்டிருக்கணும், யாரு மொழம்னு" என்று தன் தலையில் அடித்துக்கொண்டான். நான் தண்ணீர் கொடுத்தேன். வெட்கங்கெட்டவள், தண்ணீர் கொடுத்தேன்.

செத்தவர்கள்தான் பேயாக வருவார்கள் என்று யார் சொன்னது? கோகிலா உயிரோடு இருந்தாள், வளர்ந்தாள், படித்தாள். ஆனால் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் கதிரவன் கடைப் படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பட்டப்பகலில், ஆளில்லாத மத்தியான வேளையில், அவன் திடீரென்று எழுந்து வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்ப்பான்.

"யாரோ 'அண்ணா, அம்பு'ன்னு கூப்ட்ட மாதிரி இருந்துச்சுங்க்கா."

"வெயிலுப்பா" என்பேன்.

வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டான், இடது கையைத்தான் பார்ப்பான். கோயிலில் இடது கைமேல் வலது கை வைத்துத் தீர்த்தம் ஏந்துகிறவர்களைப் பார்த்தால் விலகி நிற்பான். வாலிபாலை விட்டான். எனக்கும் ஒன்று பிடித்துக்கொண்டது. போன் அடித்தால் எடுத்தவுடன் ஒரு நொடி பேச மாட்டேன். 'எம் மொழத்துல' என்று யாராவது ஆரம்பிப்பார்களோ என்று பயம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, காது கேட்டுக்கொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், இந்தப் பக்கம் நான் அவள் அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டால் அவன் சுமையில் பாதியாவது இறங்கும். சொன்னால் அவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்ற ஒரே பயத்தில் வாயை மூடி வைத்திருந்தேன்.

போன ஆடியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ஓர் இளம்பெண் தோளில் வில்லோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அவன் கடைக்கு வந்தாள். நான் வாசலில் மெஷினின் மைத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன். முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கதிரவன் அவள் இடது கையைப் பார்த்தான். எழுந்தவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"நான் கோகிலாங்கண்ணா. பி.பி.எட். முடிச்சுட்டு ஒரு ஸ்கூல்ல கோச்சா இருக்கேன். எனக்கு ஆறு அம்பு வேணும்."

அவளே அளவு அம்பை எடுத்து வில்லில் ஏற்றினாள். விரல் மடங்காத அந்தக் கையில் வில் அசையாமல் நின்றது.

"அப்படிப் பாக்காதீங்கண்ணா. வில்ல புடிக்கக் கூடாது, தள்ளணும். எல்லாப் புள்ளைங்களும் இறுக்கிப் புடிச்சுக் கெடுத்துக்கும். இந்தக் கைக்குப் புடிக்கவே வராது, அதனால நல்லா வருது" என்று சிரித்தாள்.

மூன்று தடவை இழுத்தாள். இருபத்தேழு வந்தது. கதிரவன் பென்சிலை எடுத்து முப்பத்தொன்றில் கோடு போட்டான்.

"இங்க இல்லீங்க" என்று அவள் அந்த விறைத்த விரலாலேயே இருபத்தெட்டரையைத் தொட்டாள். "வில்லுக்கு முன்னாடி ரெண்டு வெரல் இருந்தா போதும். உங்க அம்பு கீழதான் போவுது, எங்க புள்ளைங்க சொல்றாங்க. பயந்துட்டுக் குடுக்கற அளவும் தப்பளவுதாங்கண்ணா."

"என்னால முடியாது தாயி."

"அம்ப நான் புடிச்சுக்கறேன். நீங்க வெட்டுங்க."

அவள் இடது உள்ளங்கையால் அம்பைப் பலகையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். ரம்பம் நான்கு தடவை போனது. துண்டு கீழே விழுந்தது. ஆறையும் அப்படியே வெட்டினான். கடைசி அம்பு முடிந்ததும் ரம்பத்தைப் போட்டுவிட்டு அழுதான். ஒன்பது வருடத்தில் அவன் அழுது நான் பார்த்ததே இல்லை.

"எந் தப்பும்மா. யாரு மொழம்னு உங்கப்பாகிட்ட நான் கேட்டிருக்கணும்."

"உங்க தப்பு இல்லீங்கண்ணா, அதச் சொல்லத்தான் உங்ககிட்டயே வாங்க வந்தேன். அப்பா கடைசி வரைக்கும் அதேதான் சொல்லிட்டிருந்தாரு. 'எம் மொழம்னு நான் சொல்லாம வுட்டுட்டனே, அந்த மனுசன் என்ன பண்ணுவாரு, எம் புள்ள கைய நானே கெடுத்துட்டனே'ன்னு. படுக்கையில கெடந்தப்பகூட என் கையப் புடிச்சு வெரலு வெரலா மடக்கிப் பாத்துட்டே இருப்பாரு."

மைத்தூள் டப்பா என் கையில் இருந்து விழுந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குள்ளன் சொன்னார். எனக்குத் தெளிவாகச் சொன்னார். சொன்னதையே சொல்லவில்லை என்று நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறார். என் வாய் இந்தத் தடவையும் தானாகத்தான் திறந்தது.

"உங்கப்பா சொன்னாரும்மா. போன எடுத்தது நான். எழுதாம வுட்டதும் நான். இவன் கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னதும் நான்தான்."

கதிரவன் என்னைப் பார்க்கவில்லை. வெட்டிய துண்டுகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். கோகிலா அம்புகளை மேஜைமேல் வைத்துவிட்டு என் அருகில் வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன்.

"எப்படிங்க சொன்னாரு? அப்பா சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"'ஆறு அம்பு வேணுமுங்க. எம் மொழத்துல ஒன்ற மொழம். எம் பொண்ணுக்குங்க.'"

"இன்னொரு தடவ."

சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். திறந்தபோது அதில் கோபம் இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"போன மாசியில வந்து இத ஒரு தடவ சொல்லியிருக்கலாமுங்களே அக்கா" என்றாள். "அப்பா பங்குனியிலதான் போனாரு."