துரைசாணியம்மாவின் பெஞ்சு ஏன் காலியாகக் கிடக்கிறது

இன்று காலை, காபி ஆறுவதற்குள் ஒரே படத்தை மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள்.

கொடைக்கானலில் எங்கள் பழைய கோயிலின் உட்புறம். முதல் வரிசையில், ஜன்னலோரம் ஒரு பெஞ்சு காலியாக இருக்கிறது. கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள்: "இங்கே ஜெபித்த வெள்ளைக்காரச் சீமாட்டியின் நினைவாக இன்றும் இந்த இருக்கையில் யாரும் அமர்வதில்லை."

அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

நான் பொதுவாக யாரையும் திருத்துவதில்லை. (திருத்தினால், என்னைத் திருத்த நாலு பேர் வருவார்கள்.) ஆனால் இதைப் பொறுக்க முடியவில்லை.

முதலில் கோயிலைச் சொல்லிவிடுகிறேன். கீழ்நாட்டு வெயிலுக்குத் தப்பி மலையேறிய வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் கோயில் அது. சாம்பல் நிறக் கல்சுவர், கூர்வளைவு ஜன்னல்கள், தகரக் கூரை. மழை பிடித்தால் பிரசங்கம் கேட்காது.

உள்ளே நுழைந்ததும் வாசலருகே கல்லில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி. சபைக்குள் வரும் வழியே ஞானஸ்நானம்தான் என்பதால், தொட்டியை வாசலில் வைப்பது அவர்கள் முறை. கிழக்கே ஆல்டர் என்கிற பலிபீடம், அதற்கு மேல் வண்ணக் கண்ணாடி. சுவரில் மறைந்த துரைமார் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள்.

அவர்கள் போனபின் கோயில் எங்கள் கைக்கு வந்தது. அவர்களுடைய பழக்கங்களும் சேர்ந்து வந்தன. கூரை ஒழுகியது. பழக்கங்கள் மட்டும் ஒழுகவே இல்லை.

அந்தப் பெஞ்சு அப்படி ஒரு பழக்கம். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் எஸ்டேட் துரை ஒருவரின் விதவை, ஊர்வாயில் துரைசாணியம்மா, சீசனுக்கு மட்டும் வந்து தங்குவார். அவர் இருக்கும் வாரங்களில் அங்கே உட்காருவார். மற்ற மாதங்களில் அது காலியாகக் கிடக்கும்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மா இறந்தபின் அப்பாவை மேல்மலைப் போளூரிலிருந்து கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டிக்கு என் வீட்டோடு அழைத்து வந்திருந்தேன். அவருக்குக் காது மந்தம். எங்கள் பஸ் வந்து சேர்வதற்குள் அந்தப் பெஞ்சு தவிர முன்வரிசைகள் நிறைந்துவிடும். தொட்டி பக்கத்துக் கடைசிப் பெஞ்சுதான் கிடைக்கும்.

திரும்பும் வழியில் அப்பா கேட்பார்: "இன்னைக்கு என்னலே சொன்னாரு?"

நான் சுருக்கமாகச் சொல்வேன்.

"அம்புட்டுதானா? வாய் ரொம்ப நேரமா அசைஞ்சுச்சே."

ஒரு ஞாயிறு கிளம்பும் நேரத்தில் அப்பா கட்டிலைவிட்டு எழவில்லை. "கேக்காத காதுக்குக் கோயில் எதுக்குலே? நீ போய்ட்டு வா."

ஓய்வுநாளில் வீட்டில் இருந்தறியாத மனிதர். முன்பெஞ்சு ஒன்று சும்மா கிடக்கிறதே, கேட்டுத்தான் பார்ப்போம் என்று துணிந்தேன். (என் அளவில் அது பெரிய துணிச்சல்.)

கோயிலைத் திறந்து மணியடிக்கும் யோசேப்பிடம் கேட்டேன்.

"அது துரைசாணியம்மா பெஞ்சு சார். தொடைக்கிறது மட்டும்தான் என் சோலி. செகரட்டரியக் கேளுங்க."

சபைச் செயலாளரிடம் போனேன். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க சார். அந்தம்மா மனசு நோகுமேன்னுதான். பாஸ்டர் ஐயாவக் கேளுங்க."

போதகரிடம் போனேன். "நான் வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு சார். வந்த எடத்துல நான் எதுக்கு மாத்தணும்? நம்ம யோசேப்பக் கேளுங்களேன். பழசெல்லாம் அவருக்குத்தான் தெரியும்."

வட்டம் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். அதற்குள் அன்றுதான் நின்றேன்.

மே மாதம் துரைசாணியம்மாவே வந்தார். ஆராதனை முடிந்ததும், மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கில வாக்கியத்தை வாசலில் ஆரம்பித்தேன். பாதியிலேயே சமையல்காரரிடம் கற்ற தமிழில் பதில் வந்தது.

"அந்த பெஞ்சா? நீ எடுத்துக்கோ சார். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஜன்னல் மூடாது. காத்து கழுத்துலயே குத்துது."

"அப்புறம் ஏம்மா அங்கேயே உக்காருறீங்க?"

"நான் உள்ளே வந்தா யோசேப்பு ஓடி வந்து தொடைக்கிறான். நீங்க எல்லாம் திரும்பிப் பாக்குறீங்க. பாவமே, மரியாதைக்கு உக்காருறேன்."

எங்கள் மரியாதைக்காக அவரும், அவர் மரியாதைக்காக நாங்களும்! இதற்கா நான் மூன்று வாசல் ஏறி இறங்கினேன்?

அடுத்த ஞாயிறு வெள்ளனே கிளம்பி அப்பாவை முன்பெஞ்சில் உட்கார வைத்தேன். அம்மையார் நிம்மதியாகத் தொட்டி பக்கம் போய்விட்டார். அன்று மழையும் இல்லை. அப்பா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டார். தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் தலையாட்டுவது நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் கேட்டேன்: "நல்லாக் கேட்டுச்சாப்பா?"

"ஒரு சொல்லு விடாமக் கேட்டுச்சுலே."

பஸ் ஏறி உட்கார்ந்தோம். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நல்ல மனுசன்தான், குத்தம் சொல்லலை. ஆனா இத்தனை நாளாப் பின்னாடி உக்காந்துக்கிட்டு, அவரு வாயப் பாத்து நானா ஒரு பிரசங்கம் நெனச்சுக்குவேன். அது இதைவிட நல்லா இருந்துச்சுலே. காத்தும் கழுத்தப் பிடிச்சுருச்சு. அடுத்த வாரம் பழைய எடத்துக்கே போவோம்."

போனோம். அதன்பின் கோயிலுக்கு வரமாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த சீசன் முடியும்வரை அவரும் துரைசாணியம்மாவும் கடைசிப் பெஞ்சில் கம்பளி போர்த்திக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்பெஞ்சு முன்போலவே காலி.

ஜன்னலைச் சரிசெய்யச் சொல்லி யோசேப்பிடம் கேட்டேன். செகரட்டரியைக் கேட்கச் சொன்னார். அதோடு விட்டுவிட்டேன்.

இன்று வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கண்ணை நான் முழுக்க நம்புவதில்லை. ஆனால் அந்த ஜன்னல் இன்னும் சரியாக மூடவில்லை என்றுதான் தெரிகிறது.

ஆகவே கைகூப்பும் அன்பர்களே, அடுத்தமுறை போகும்போது தயவுசெய்து அந்தப் பெஞ்சில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மப்ளர் எடுத்துப் போகவும்.