ஐந்து கோப்புகள் போதும் என்று நினைத்தேன்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு அலுமினிய வார்ப்புத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உலையை நடத்தும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் லாக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். வெப்பம், தண்ணீர் ஓட்டம், எந்தப் பொத்தானை எப்போது அமுக்கினார்கள் என்பதுவரை அதில் இருக்கும். ஒரு கோப்பு நிரம்பினால் அடுத்தது திறக்கும். அளவையும் எண்ணிக்கையையும் முடிவு செய்தவன் நான். ஐந்து எம்பி, ஐந்து கோப்பு. ஆறாவது வந்தால் முதலாவது அழிந்துவிடும். அதற்குள் என் அறையிலிருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர் அதைப் படித்து, தேடி எடுக்க வசதியாகச் சேர்த்து வைத்துவிடும். சாதாரணமாக ஐந்தும் நிரம்ப நான்கு நாளாகும். டிஸ்க்கில் இடத்தை மிச்சம் பிடித்ததில் எனக்குப் பெருமை வேறு.

ஆயுத பூஜைக்கு எங்கள் தொழிற்சாலையில் எல்லா இயந்திரமும் நிற்கும். பூஜை போட்டதை விஜயதசமி முடியும்வரை யாரும் தொடமாட்டார்கள். நானும் என் அறைக் கம்ப்யூட்டரை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி பொட்டலத்தோடு திருவள்ளூருக்குக் கிளம்பிவிட்டேன். உலையை மட்டும் அணைக்க முடியாது, உருகிய உலோகம் உள்ளேயே இறுகிவிடும். அதைப் பார்த்துக்கொள்ள வருடா வருடம் ஒரே ஆபரேட்டர்தான் நிற்பார். அவர் கிறிஸ்தவர். பதிலுக்கு கிறிஸ்துமஸ் அன்று அவருடைய ஷிஃப்டை மற்றவர்கள் பார்ப்பார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார்.

அந்த ஆயுத பூஜை அன்று மத்தியானம் உலைக்குப் போகும் குளிர்நீர் நின்று, உள்ளே சூடேற்றும் சுருள் எரிந்துபோனது. அலாரம் அடித்த உடனே திரையில் நிறுத்தும் பொத்தானை அமுக்கியதாகவும், அது வேலை செய்யாததால் பலமுறை அமுக்கிவிட்டு மெயின் சுவிட்சுக்கு ஓடியதாகவும் அவர் சொன்னார். அவர் இடத்திலேயே இல்லை என்றது நிர்வாகம். லாக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்கள்.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தேன். அந்த மத்தியானமே இல்லை. நீர் நின்றதிலிருந்து நொடிக்கு நூறு வரி அலாரம் எழுதி, ஐந்து கோப்புகளும் நிரம்பி அழிந்து மறுபடி நிரம்பியிருந்தன. படித்து வைக்க வேண்டிய கம்ப்யூட்டர் குங்குமப் பொட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது. கோளாறு வரும்போதுதான் லாக் பெருகும் என்பது இந்த வேலையில் அரிச்சுவடி. நான் நல்ல நாளை மட்டும் நினைத்து அளவு வைத்திருக்கிறேன், மடையன்.

விசாரணையில் மேலாளர் கேட்டார். “அவர் பொத்தான அமுக்கினதுக்கு லாக்ல ஏதாவது இருக்கா?”

“இல்ல சார்” என்றேன்.

அந்த நேரத்துக்கு எந்தப் பதிவுமே இல்லை, அதற்குக் காரணம் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் அமுக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று. ஒவ்வொன்றும் நூறு எம்பியாக ஐம்பது கோப்புகள் என்று நான் மாற்றினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

தொழிற்சாலை கேட் அருகே என்னைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார். “நான் அமுக்குனது அதுல எங்கனா இருக்கும் சார். இன்னொரு வாட்டி பாருங்க.”

பார்க்கிறேன் என்றேன். அதன்பிறகு வாராவாரம் போன் செய்தார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். தேட எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். பெரியபாளையம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் சேர்ந்துவிட்டாராம்.

“வுடுங்க சார், உங்களுக்கும் பேஜாரு. அங்க ஒருத்தரும் என்ன நம்பல. நீங்க ஒருத்தர்தான் எனக்காக இத்தினி நாளா தேடிக்கினு இருந்தீங்க.”

“இருக்கட்டும்ணா” என்றேன்.