வில்லோ கால்வாயின் ஐந்தடி

எங்கள் கடலோர ஊரான ஹெரன் பே-யில் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் தெரு, பின்னால் கால்வாய். மொத்தம் நாற்பத்து மூன்று கால்வாய்கள், அத்தனையும் சேறு ஏறித் தூர்ந்துகொண்டே வருபவை. வீட்டு வரியோடு பிடிக்கும் தூர்வாரும் கட்டணம் வருஷத்துக்கு இரண்டு கால்வாய்க்குத்தான் காணும். எந்த இரண்டு என்று அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரே விதி வைத்திருந்தோம்: எங்கே தண்ணீர் குறைவோ அங்கே முதலில். பன்னிரண்டு வருஷமாக அந்தத் தண்ணீரை அளந்தவர் வெண்டல் க்ராஸ்.

ஒஹாயோவில் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஜனவரியில் வடகாற்று அடித்து விரிகுடாத் தண்ணீரையெல்லாம் வெளியே தள்ளும் நாட்களில், நாங்கள் ஹீட்டர் போட்டு உள்ளே உட்கார்ந்திருப்போம். அவர் தகரப் படகில் ஏறி, அடிக்கணக்கு குறித்த கழியோடு ஒவ்வொரு கால்வாயின் நடுவிலும் நூறடிக்கு ஒரு குத்து குத்தி எழுதிக்கொண்டே போவார். சம்பளம் கிடையாது. நான் கால்வாய்க் குழுவின் செயலாளர் என்பதால், டிசம்பர் கடைசியில் யார் யார் அவர் வீட்டுக்கு எலுமிச்சைக் கேக் கொடுத்தனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கேக்கைச் சாப்பிடுவார். அளவை அளவாகத்தான் எழுதுவார். தலைவர் மேக்சீனின் சொந்தக் கால்வாயே இரண்டு அங்குல வித்தியாசத்தில் பட்டியலைத் தவறவிட்டு, அந்த அம்மாள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அவருடைய வீடு வில்லோ கால்வாயின் கடைக்கோடியில். பாய்மரப் படகு வைத்திருந்தார். அதன் அடிப்பாகம் கத்தி மாதிரி ஐந்தடி ஆழத்துக்கு இறங்கியிருக்கும். சனிக்கிழமை தவறாமல் கால்வாயின் நடுவில் ஓட்டிக்கொண்டு கடலுக்குப் போவார். வில்லோவின் நடுவில் எப்போதும் ஐந்தடித் தண்ணீர் இருந்தது. அதனால் அது பட்டியலுக்கே வந்ததில்லை.

எதிர்க்கரை ஹார்லன் பெக், பிளம்பராக இருந்தவர், வருஷக்கணக்காகப் புலம்பினார். தன் மீன்பிடிப் படகு கரையோரச் சேற்றில் உட்காருகிறது, இன்ஜின் சேற்றைக் குடிக்கிறது என்றார். வெண்டல் நோட்டைத் திறந்து ஐந்தடியைக் காட்டுவார். இரண்டாவது இன்ஜினும் போனதும் ஹார்லன் படகை விற்றுவிட்டார். அதன்பிறகு இருவரும் எதிரெதிரே இருந்தும் கை அசைத்துக்கொள்ளக்கூட இல்லை.

போன பிப்ரவரியில் வெண்டலுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. படகு வருஷம் முழுக்கக் கட்டியபடியே கிடந்தது. இந்த ஜனவரியில் நொண்டிக்கொண்டே அளக்கப் போனார். வில்லோவின் நடுவில் மூன்றே முக்கால் அடி. மறுநாளும் போய்க் குத்திப் பார்த்தார். அதேதான். நாற்பத்து மூன்றிலும் அதுதான் குறைச்சல்.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம். மேக்சீன் பட்டியலைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"ஒரே வருஷத்துல ஒன்னேகால் அடி ஏறிடுச்சா, வெண்டல்? அதுவும் உன் கால்வாய்ல மட்டும்?"

யாரோ சிரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் சந்தேகம் வந்தது. கூட்டம் அந்த அளவைத் தள்ளிப் பழைய ஐந்தடியையே வைத்துக்கொண்டால் வில்லோவின் முறை வர இன்னும் ஆறு வருஷம் ஆகும். வெண்டலுக்கு எழுபத்தொன்பது வயது. இலையுதிர் காலத்தில் ஒரு புயல் வந்திருந்தது. அதன்மேல் பழியைப் போட்டால் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். நானே அவர் காதில், "புயல்னு சொல்லிடுப்பா" என்றேன்.

அவர் எழுந்து நின்றார்.

"ஏறலை, மேக்சீன். நடுவுல ஒரு கோடு தவிர எப்பவுமே அவ்வளவுதான் இருந்திருக்கு. என் படகு வாராவாரம் போய்ப் போய் அடிச்சேத்தை உழுது வச்சிருக்கு. அந்தச் சாலுக்குள்ளயே கழியைக் குத்திட்டு நான் அஞ்சடின்னு எழுதியிருக்கேன். பன்னெண்டு வருஷமா. போன வருஷம் படகு போகலை, சால் மூடிடுச்சு." பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். "நீ சொன்னதுதான் சரி, ஹார்லன். உன் கரையோரம் ஒரு தடவைகூட நான் குத்திப் பாக்கலை."

"படகை வித்து நாலு வருஷம் ஆச்சு" என்றார் ஹார்லன். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வில்லோவே முதலில் என்று முடிவானது. இனி மூன்று வரிசையாக, இரண்டு கரையோரமும் நடுவும் அளக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதினேன்.

ஏப்ரலில் தூர்வாரும் இயந்திரம் வந்து கரைக்குக் கரை வாரிவிட்டுப் போனது. அடுத்த சனிக்கிழமை வெண்டல் பாய்மரப் படகை மெதுவாக எதிர்க்கரைக்குக் கொண்டுபோய் ஹார்லனின் படகு கட்டும் காலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்ததற்குக் கையெழுத்து வாங்க வந்த நான் ஹார்லன் வீட்டுக் கொல்லையில்தான் இருந்தேன். கடலுக்குப் போகலாம் வா என்று வெண்டல் ஹார்லனை இரண்டு முறை கூப்பிட்டார்.

ஹார்லன் கொட்டகையிலிருந்து நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்துவந்தார். தன் கரையோரத்தில், முன்பு படகு நின்ற இடத்தில் அதை இறக்கினார். வெளியே எடுத்து, ஈரம் ஏறிய இடம் வரை டேப் வைத்து அளந்தார்.

"ஆறடி," என்றார். "எழுதிக்கோ."

வெண்டல் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ஹார்லன் குழாயைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.