கோல்கீப்பரின் நீலக் கை

ஆம்பூரில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறேன் என்று சொன்னால், "அது சரி, வேலைக்கு எங்க போறீங்க?" என்று கேட்பார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன வீடுகளில் மட்டும் மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர் நான். அதனால் அந்தக் கேள்வியில் தப்பொன்றும் இல்லை, எரிச்சல்தான் உண்டு.

இந்தப் பக்கத்தில் நாங்கள் நான்கு பேர், நான்கு பத்திரிகைகளுக்கு எழுதுகிறோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜோலார்பேட்டையில் கபடி, நெமிலியில் வாலிபால், ஆம்பூரில் கால்பந்து, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரே ஆள் எல்லா இடத்துக்கும் போக முடியுமா? ஆளுக்கொரு ஊராகப் பிரித்துக்கொள்வோம். போனவர் எழுதி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மற்ற மூவரும் 'தலையை மாற்றி', அதாவது முதல் வாக்கியத்தை மட்டும் சொந்தமாக எழுதி, அவரவர் பத்திரிகைக்கு அனுப்புவோம். நடுவில் கை வைப்பதில்லை. அது எழுதியவருக்கு மரியாதைக் குறைவு என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம். உண்மையில் நடுவை எங்களில் யாரும் படித்ததே இல்லை.

அந்த ஞாயிறு ஆம்பூர் என் பங்கு. தொழிற்சாலை அணிகளின் இறுதிப்போட்டி. ஒரு ஷூ கம்பெனியும் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையும் மோதின. ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனது. ஷூ கம்பெனியின் கோல்கீப்பர் இரண்டு பந்துகளைத் தடுத்து அணியை ஜெயிக்க வைத்தான். கம்பெனியின் ஸ்டோர் ரூமில் வேலை செய்பவன், நூல்கண்டும் பசை டப்பாவும் எண்ணிக் கொடுப்பது அவன் உத்தியோகம். ஆட்டம் முடிந்து கையுறையைக் கழற்றினான். பஜாரில் வாங்கிய புதுக் கையுறை, வியர்வையில் சாயம் போய், இரண்டு கையும் மணிக்கட்டு வரை நீலம்.

அப்போது எனக்கு ஒரு கவலை இருந்தது. நிரந்தர வேலைக்கு என் பெயரைச் சொல்லியிருப்பதாக எங்கள் விளையாட்டுப் பிரிவு ஆசிரியர் சொல்லியிருந்தார். "ஸ்கோர் யார் வேணா குடுப்பாங்க. உங்க எழுத்துல மனுஷன் தெரியணும்" என்பார் சென்னையிலிருந்து, ஒவ்வொரு வாரமும். சரி, மனுஷன்தானே வேண்டும்? எழுதினேன்: 'காலை ஷிப்டில் டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போட்டுவிட்டு நேராக மைதானத்துக்கு வந்தவரின் கைகளில் அந்த நீலம் இன்னும் காயவில்லை.'

பதனிடும் டிரம்மிலிருந்து தோல் நீலமாகத்தான் வெளியே வரும். இது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஷூ கம்பெனிக்குள் டிரம்மே கிடையாது என்பதும் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். சென்னைக்குத் தெரியாது என்பது என் தைரியம்.

எழுதியதைக் குழுவில் போட்டேன். வாணியம்பாடி நண்பர், போட்டிப் பத்திரிகைக்காரர், தலையை மாற்றி அனுப்பிவிட்டார். அவருடைய பத்திரிகையின் இணையதளத்தில் அன்று மாலையே வந்துவிட்டது. என்னுடையது மறுநாள் காலை அச்சில் வந்தது. அந்த நீல வரி பிரபலமாகி, எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் நண்பரின் ஆசிரியர் எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். உங்கள் நிருபர் எங்கள் செய்தியைத் திருடியிருக்கிறார் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகும் வரிகளுக்கு மஞ்சள் பூசி அனுப்பியிருந்தார். முதல் வாக்கியத்தைத் தவிர எல்லாமே மஞ்சள்.

நண்பருக்கு போன் செய்தேன்.

"தோஸ்த், பேஜாரா கீதுபா" என்றார். "நான் இன்னா பண்ணட்டும்? உன்துன்னு சொன்னா என் வேலை போயிடும். நீ குரூப்பைக் காட்டேன்."

குழுவைக் காட்டினால் அந்தச் செய்தியை நான்தான் முதலில் போட்டேன் என்பது தெரியும். அதற்கு முந்தைய வாரங்களில் நான் போடாததெல்லாம் என் பெயரில் வந்ததும் தெரியும். இது நண்பருக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு தாராளமாகச் சொன்னார்.

விசாரணைக்குச் சென்னை போனேன். ரயிலில் காட்பாடி தாண்டும்போது ஒரு யோசனை வந்தது. திருடன் என்ற பட்டத்தைவிடப் பொய்யன் என்ற பட்டம் கொஞ்சம் கௌரவமானது என்று தோன்றியது. எங்கள் ஆசிரியர் முன் உட்கார்ந்து சொன்னேன்:

"சார், அந்த நீல வரி பொய். நான் கட்டினது. அந்தக் கம்பெனில டிரம்மே கிடையாது. நடக்காத ஒண்ணு ரெண்டு பேருக்கும் தனித்தனியா எப்படி சார் தோணும்? அவர்கிட்ட அது இருக்குதுன்னா என்கிட்டேர்ந்துதான் போயிருக்கணும்."

வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான உண்மையை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. ஆசிரியர் கோல்கீப்பரின் எண்ணைக் கேட்டு வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, அன்னிக்கு மேட்ச்சுக்கு வந்தப்ப உங்க கையில நீலம் இருந்ததா?"

"இருந்திச்சு சார்."

"எப்படி வந்தது?"

நான் போன் பக்கம் குனிந்தேன்.

"டிரம்ல தோல் இழுத்தேன் சார். அன்னிக்கு ஆள் கம்மின்னு பக்கத்து டேனரிக்கு அனுப்பினாங்க. பேப்பர்ல வந்தது கரெக்ட்டு சார்."

ஆசிரியர் போனை வைத்தார். என் ஒரே சாட்சி பொய்யை நிஜமாக்கிவிட்டான். இனி அது யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதியிருக்கக்கூடிய ஒரு சாதாரண உண்மை. எச்சரிக்கைக் கடிதத்தில் இரண்டு குற்றம் போட்டிருந்தார்கள். ஒன்று, பிறர் செய்தியை எடுத்தது. இரண்டாவது, அதை மறைக்க, உண்மையான ஒரு தகவலைப் பொய் என்று பொய் சொன்னது. நிரந்தர வேலை கலவை என்ற ஊரிலிருந்து எழுதும் ஒருவருக்குப் போனது. அவர் எங்கள் குழுவில் மூன்றாவது ஆள்.

மறுநாளே கம்பெனி கேட்டில் கோல்கீப்பரைப் பிடித்தேன். கன்னத்தில் ஒன்று விடும் கோபத்தில்தான் போனேன். அவன் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணா, ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குப் போட்டிருக்கேன். ஜோலார்பேட்டைல ட்ரையல் நடந்திச்சு. உங்க கட்டிங்கைத்தான் ஃபைல்ல முதல்ல வெச்சிருக்கேன். டிரம்ல வேலை செஞ்சிட்டு வந்து ஆடுனியாப்பான்னு அதைப் படிச்சிட்டுதான் கேட்டாங்க. ஆமான்னுட்டேன். இப்ப இல்லன்னா நான் இன்னா ஆவேன்?"

கம்பெனி வருகைப் பதிவேட்டை ஒரு முறை பார்த்தால் போதும், என் மேலிருக்கும் பழி போய்விடும். அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்தவர்தான். கேட்கவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். பொய்யைத் தொடங்கியவன் நான், அதை நம்பி ஒருத்தன் வாழ்க்கைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டான், அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அழுகை வந்தது, கோபமும்தான்.

அவனுக்கு வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆம்பூரில் ரயில்வே அணியோடு ஒரு காட்சிப் போட்டி. அன்று எனக்கு நெமிலி. ஆம்பூருக்கு வாணியம்பாடி நண்பர் போனார். அவர் குழுவில் போட்ட செய்தியில் அன்று முதல் முறையாக நடுவையும் படித்தேன். 'கையில் டிரம்மின் நீலம் காயாமல் வந்து கோல் காத்தவர், இன்று ரயில்வே சீருடையில்' என்று எழுதியிருந்தார். என் வரியைத் தூக்கி வைத்துக் கட்டிய செய்தி. நன்றாகவே கட்டியிருந்தார். தலையை மாற்றி அனுப்பினேன். இந்த முறை நண்பர் தன் பத்திரிகைக்கு அனுப்பும் முன்பே அனுப்பினேன்.

மறுநாள் ஆசிரியர் போன் செய்தார்.

"பிரமாதம்! இதைத்தான் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருந்தேன். மத்தவங்களைப் பாக்காம சொந்தமா எழுதினா எப்படி வருது பாருங்க. இது உங்களுதுதானே?"

"ஆமா சார், என்னுதுதான்" என்றேன்.

உடனே நம்பினார்.