வற்றிய ஏரியில் ஒரு கண் பரிசோதனை

நட்சத்திரங்களைப் படம் பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லித்தான் ஆபீசில் லீவு கேட்டேன். வீட்டிலும் அதையே சொன்னேன். இரண்டு இடத்திலும் சொன்னது பொய். அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை, தோளில் கேமராவை மாட்டிக்கொண்டு, சூளூர்பேட்டைக்குப் பக்கத்தில் கோடையில் வற்றிக்கிடந்த ஏரிக்கு நான் போனது என் கண்ணைச் சோதித்துப் பார்ப்பதற்காக.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சித்தூரில் மின்சார ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆவணியில் எனக்கும் நகரியில் இருந்த மாமன் மகளுக்கும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்த சம்பந்தம், அதில் யாருக்கும் புதிதாக யோசிக்க எதுவும் இல்லை. எனக்கு மட்டும் இருந்தது. ஒரு வருடமாக, விளக்கு வைக்கிற நேரமானால் நான் தடுமாற ஆரம்பித்திருந்தேன். குடத்தை உதைத்தேன். பஸ் ஸ்டாண்டில் படி இருப்பது தெரியாமல் விழுந்தேன். சினிமாக் கொட்டகைக்குத் தாமதமாகப் போய், காலி நாற்காலி என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் மடியில் உட்கார்ந்தேன். அந்தக் கதையைச் சொல்லி ஆபீசில் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். என் பயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பயத்துக்குக் காரணம் மாமா. அம்மாவின் தம்பி, எனக்குப் பேசியிருந்தவளின் அப்பா. முப்பது வயதில் மாலைக்கண் என்றார்கள். நாற்பதில் பகலிலும் சுவரைப் பிடித்து நடந்தார். அப்புறம் கட்டிலோடு சரி. குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்தவன் என்பதால், அவரை வேலூரில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனவன் நான்தான். டாக்டர் டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். மாமாவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் சொன்னார். இது ரத்தத்தில் வருவது. முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் பக்கவாட்டில் தெரியாது, கடைசியில் எதுவுமே தெரியாது. மருந்து கிடையாது. வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டுங்கள், சொந்தத்தில் மட்டும் கட்டாதீர்கள்.

அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவே இல்லை.

“அந்த டாக்டருக்கு இன்னாடா தெரியும்? சின்ன வயசுல அம்மை போட்டு அவன் கண்ணு போச்சு. நம்ம வூட்ல கட்னது குட்த்தது எல்லாம் சொந்தத்துலதான். எல்லாம் குருடாவா பூட்டாங்க? இந்தப் பேச்ச மாமன் வூட்ல எடுத்தியோ, தெரியும் சேதி.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இப்போது எனக்கே தடுமாறுகிறது. ஒருவேளை வெறும் சத்துக் குறைவாக இருக்கலாம். கீரை தின்றேன், கேரட் தின்றேன், மீன் எண்ணெய் மாத்திரை விழுங்கினேன். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. போனால் அவர் சொல்லிவிடுவாரே என்ற பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாளைத் தள்ளினேன். ஆனால் ஆவணி தள்ளிப்போகாது. அந்த நோய் எனக்கு இருந்தால் அவளைக் கட்டக் கூடாது. நல்ல கண் உள்ளவன் எவனாவது அவளைக் கட்டிக்கொண்டு போகட்டும். அதற்காவது நிச்சயமாகத் தெரிந்தாக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் திருப்பதியில் ஒரு பல் டாக்டர் சொல்லி இந்த வகுப்பைப் பற்றித் தெரிந்தது. அவருக்கும் கேமராப் பைத்தியம், அந்த வழியில் பழக்கம். மெட்ராசிலிருந்து ஒரு போட்டோகிராபர் வந்து, மூன்றே பேரை வைத்துக்கொண்டு, பகலில் மணலையும் ராத்திரியில் வானத்தையும் எடுக்கச் சொல்லித்தரப் போகிறாராம். ஊரில் எந்தத் தெருவிலும் ஏதாவது ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். விளக்கே இல்லாத இடத்தில், ஒரே வானத்தை நாலு பேர் பார்க்கும்போது, அவர்களுக்குத் தெரிவது எனக்கும் தெரிகிறதா என்று யாரையும் கேட்காமலேயே தெரிந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாவது ஆள் சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். என் வயதுதான் இருக்கும். ஓயாமல் கிண்டல் பேசுகிறவர். மெட்ராஸ்காரர் எங்களைவிட இளையவர், வெள்ளை பேண்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கினார். சூளூர்பேட்டையில் மாட்டுவண்டி பிடித்து, கேமரா, ஸ்டாண்டு, தண்ணீர்ப் பானை, தயிர்சாதப் பொட்டலம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினோம்.

“பாலைவனம்னா ராஜஸ்தானுக்குத்தான் போகணுமா சார்? இதோ பாருங்க!” என்று கையை விரித்தார் மெட்ராஸ்காரர்.

உண்மையாகவே பாலைவனம்தான். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெடித்த சேறு, அதன்மேல் உப்புப் பூத்திருந்தது. நடுநடுவே காற்று வரி வரியாக இழுத்துவிட்ட மணல். வெயில் சாயச் சாய ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல் முளைத்தது. கிழக்கே சர்க்கார் ராக்கெட் விடுகிற தீவு இருக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்பாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு, எங்களை இஷ்டம்போல் எடுக்க விட்டார். நான் மண்டிபோட்டு, ஒரு வெடிப்பு வளைந்து வளைந்து தூரத்தில் கரைவதை என்னுடைய பழைய இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்தேன். மெட்ராஸ்காரர் குனிந்து என் கேமராவின் கண்ணாடியில் பார்த்தார்.

“உங்களுக்கு நல்ல கண்ணு சார்” என்றார்.

நான் அடுத்த வெடிப்பைத் தேடிக்கொண்டு எழுந்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே ஸ்டாண்டுகளை நட்டு, வடக்கே துருவ நட்சத்திரம் வரும் திசையைப் பார்த்துக் கேமராக்களைப் பொருத்தினோம். ராத்திரி ஒரு மணி நேரம் லென்சைத் திறந்தே வைத்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் நகர்ந்து ஒரு கோடு போடும், அதுதான் படம். சூரியன் விழுந்ததும் மெட்ராஸ்காரர் ஒரு துணிப்பையை நீட்டினார்.

“டார்ச், தீப்பெட்டி எல்லாத்தையும் இதுல போடுங்க. அரை மணி நேரம் ஒரு பொட்டு வெளிச்சம் கூடாது. கண்ணு இருட்டுக்குப் பழகணும். பழகிட்டா ராத்திரியே பகல் மாதிரி ஆயிடும், பாருங்க.”

என் சட்டைப் பையில் டார்ச் இருந்தது. கடைசி ஆளாக அதைப் பையில் போட்டேன்.

உட்கார்ந்தோம். இருட்டியது. எல்லோருக்கும்தான் இருட்டியது. கொஞ்ச நேரம் அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் அப்போது நாலு பேருமே குருடர்கள். தயிர்சாதம் துன்னலாமா என்று டிராயிங் மாஸ்டர் கேட்டார். பேசிக்கொண்டே தின்றோம். அதற்கப்புறம் பல் டாக்டர், “அட, பானை தெரிகிறதே!” என்றார், தன் தெலுங்குத் தமிழில். டிராயிங் மாஸ்டர், “டாக்டரே, உங்க வழுக்கையே தெரியுது” என்றார். சிரித்தார்கள். மணல் வரிகள் தெரிகின்றன என்றார்கள். தூரத்தில் அவிழ்த்துவிட்ட மாடுகள் படுத்திருப்பது தெரிகிறது என்றார்கள். எனக்கும் வரும், எனக்குக் கொஞ்சம் தாமதமாக வரும் என்று கண்ணை இறுக மூடி மூடித் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் முகம்கூட வரவில்லை. குரல்கள் மட்டும் இருந்தன.

வானத்தைப் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நட்சத்திரங்கள். ‘இவ்வளவுதான் எல்லோருக்கும் தெரிகிறது, மேகம் போட்டிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டேன். அதே நேரத்தில் பல் டாக்டர் வெங்கடேசப் பெருமாளைக் கூப்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. “அப்பா, உப்பைக் கொட்டினாப்பல இருக்குதே” என்று டிராயிங் மாஸ்டர் முணுமுணுத்தார். கிண்டலே இல்லாமல் அவர் பேசி அப்போதுதான் கேட்டேன்.

மெட்ராஸ்காரர் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டினார். வாலில் நடுவில் இருப்பது வசிஷ்டர், ஒட்டிக்கொண்டு மங்கலாக இருப்பது அருந்ததி.

“கல்யாணத்துல காட்டுவாங்களே, அதுவா?” என்றார் டிராயிங் மாஸ்டர். “பட்டப்பகல்ல ஐயர் காட்டுவாரு, மாப்ளையும் பாத்தேன்னு தலையாட்டுவாரு. நல்லவேளை, நாங்க வேதக்காரங்க, சர்ச்சுல மோதிரம் மாத்துறதோட சரி. அந்தப் பொய்யி எங்களுக்கு மிச்சம். உங்களுக்குத் தெரியுதா சார்?”

“தெரியுதே, பளிச்சுன்னு” என்றேன்.

“மேலயா கீழயா?”

“கீழ” என்றேன். சீட்டாட்டத்தில் துணிந்து இறங்குகிறவன் மாதிரி சொல்லிவிட்டேன். அவர் என் பக்கமாக நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

லென்ஸ்களைத் திறக்கும் நேரம் வந்தது. என் கேமரா எங்கே என்று எனக்குத் தெரியும், எழுந்து வலது பக்கம் பத்தடி. நடந்தேன், லென்சைத் திறந்தேன், அது மூடிக்கொள்ளாமல் இருக்கக் கம்பியைத் திருகிப் பூட்டினேன். அதற்கு மேல் அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? தண்ணீர் தவித்தது. பானை இருக்கும் பக்கம் என்று நினைத்து நடந்தேன். எதுவோ முழங்காலில் இடித்தது, அதோடு சேர்ந்து நானும் விழுந்தேன். பல் டாக்டரின் ஸ்டாண்டு.

“ஏமய்யா, நீக்கு கனபடலேதா?” என்று கத்தினார். உனக்குக் கண் தெரியவில்லையா என்று. அவர் கோபத்தில் கேட்டது. எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

கால் மரத்துப்போய்விட்டது என்று என்னவோ உளறினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே கேமராவை நிமிர்த்தினார். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு கை என் முழங்கையைப் பிடித்தது.

“வாங்க, தண்ணி இந்தப் பக்கம்” என்றார் டிராயிங் மாஸ்டர், மெதுவாக. போகிற வழியில், “எப்பலேர்ந்து?” என்றார்.

“ஒரு வருசமா.”

“வூட்ல தெரியுமா?”

“தெரியாது.”

அவர் பானையிலிருந்து மொண்டு என் கையில் கொடுத்தார். குடித்து முடித்ததும் என்னைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, விடிகிற வரைக்கும் ஒரு கிண்டலும் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் திருப்பதிக்குத் திரும்பினோம். பல் டாக்டரின் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கழுவுகிற இருட்டறை இருந்தது, மெட்ராஸ்காரர் அதற்குள்ளேயே பிலிமைக் கழுவிப் பிரிண்டும் போட்டார். ஈரம் சொட்டச் சொட்ட என் படத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். ஜன்னல் ஓரம் நல்ல வெயில். பார்த்தேன். காகிதம் கொள்ளாமல் கோடுகள். வளைவுக்குள் வளைவாக, ஊசி நுழைய இடமில்லாமல், நூற்றுக்கணக்கில். நான் பார்த்தவை எவை என்று தேடினேன். தடித்த கோடுகள் சில இருந்தன, அவையாக இருக்கலாம். மற்ற இத்தனையும் என் தலைக்கு மேலேயே ராத்திரி முழுக்க இருந்திருக்கின்றன.

“கண்ணால பார்த்ததுல பாதிகூட விழல சார். ஆனா முதல் தடவைக்கு ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றார் மெட்ராஸ்காரர். பல் டாக்டர் கோபமெல்லாம் மறந்து என் முதுகில் தட்டினார். டிராயிங் மாஸ்டர் மட்டும் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீரையும் கேரட்டும் இனிமேல் எதற்கு என்று தோன்றியது. அழுகை வந்தது. மருந்து வாடை கண்ணைக் கரிக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பகல் பஸ்ஸில் நகரிக்குப் போனேன். மாமாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உங்களுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது மாமா, உங்கள் மகளைக் கண் நல்லா இருக்கிற இடமாகப் பார்த்துக் கொடுங்கள். அவ்வளவுதான். படத்தையும் எடுத்துப்போனேன். அதை வைத்து அவரிடம் எதை நிரூபிக்கப்போகிறேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மாமா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஊர் வழக்கப்படி என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

“வா மாமா. நைனா இப்பதான் கண்ணசந்தாரு. இன்னாது கையில, கவரு?”

நான் சொல்வதற்குள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பிடுங்கிவிட்டாள். உச்சி வெயிலில் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னா இது, கோலமா?”

“வானம். ஏரியில போய்ப் புட்சது. ஒரு கோடு ஒரு நட்சத்திரம்.”

“ரீலு வுடாத மாமா. வானத்துல ஏது இம்மாம் நட்சத்திரம்?”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே கேட்கிறாள். அப்படியானால் இவளுக்குமா?

“உனுக்கு ராத்திரியில எத்தினி தெரியுது?” என்று கேட்டேன்.

“இன்னா, அஞ்சாறு தெரியும். எல்லாருக்கும் தெரியறதுதான். ஏன், உனுக்கு எத்தினி தெரியுது?”

“எனக்கும் அவ்ளோதான்.”

“பாத்தியா, ஜோடி சரியாத்தான் சேத்துகிறாங்க!” என்று சொல்லி, படத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, வெட்கமும் சந்தோஷமுமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அதற்கப்புறம்தான், மாமாவுக்கு வந்தது எங்கள் இரண்டு பேருக்குமே வந்திருக்கிறது என்று சொன்னேன்.