எல்லாப் போத்தலிலும் ஒரே பசு

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனையில் மிருக வைத்தியரின் அலுவலகத்தில் நான் உதவியாளனாகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சாய்ந்தமருதுக் கடற்கரையில் பிறந்தவன் நான். வாப்பா கரைவலை இழுத்தவர். ஆங்கிலப் பாடசாலையில் படித்து, விஞ்ஞானத்தில் நல்ல புள்ளி எடுத்திருந்ததால் அந்த வேலை கிடைத்தது. மாட்டை அதுவரை வீதியிலும் சட்டியிலும்தான் கண்டிருந்தேன்.

அந்த வருடம் மாட்டுப் பட்டிகளில் கால்-வாய் நோய் பரவியது. வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் போடும். எச்சில் நூலாக வடியும். மாடு நடக்காது, தின்னாது, கன்றுகள் செத்துப்போகும். எங்கள் பக்கத்தில் மாரி விதைப்புக்கு முன் பட்டிகளையெல்லாம் வயல்வெளியை விட்டு இறக்காமத்துக்கு அப்பாலுள்ள மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். விதைத்த பிறகு மாடு நின்றால் பயிருக்கும் சேதம், மாட்டுக்கும் புல் இல்லை. ஆனால் அங்கே ஏற்கனவே பட்டி வைத்திருந்தவர்கள், நோய் கண்ட பட்டி எதையும் விடமாட்டோம் என்று மறித்து நின்றார்கள்.

சம்மாந்துறைப் பட்டிக்காரர் ஒருவர், தன் மாடுகளுக்கு அந்த நோய் ஒருபோதும் வந்ததில்லை என்றார். அடுத்த பட்டியில் நோய் இருந்தபடியால் ஒருவரும் நம்பவில்லை. எங்கள் டொக்டர்தான் ஒரு வழி சொன்னார். நோய் வந்து தேறிய மாட்டின் இரத்தத்தில் அந்தக் கிருமியை எதிர்க்கும் பொருளொன்று தங்கியிருக்கும். அதே நோய் திரும்ப வராமல் காப்பதும் அதுதான். பிறபொருளெதிரி என்று இப்போது பிள்ளைகள் படிக்கிறார்கள். வெளியே பார்த்தால் தெரியாது, சோதித்தால் தெரியும். மலைநாட்டு ஆய்வுகூடத்தில் டொக்டருக்குத் தெரிந்த ஒருவர் சோதித்துத் தர ஒப்புக்கொண்டார். இரத்தம் எடுத்துவரும் வேலை எனக்கு வந்தது.

இதைப் பட்டிக்காரருக்கு விளக்கினேன்.

"அப்ப, நாங்க மாட்டுட தொடையில குறி சுடுற மாதிரி, வருத்தமும் உள்ளுக்க ஒரு குறி சுட்டுட்டுப் போகுது."

"ஓம் சாச்சா."

"எடுங்க தம்பி. எண்ட மாட்டுல அந்தக் குறி இராது."

குறித்த நாளில் ஐஸ் போட்ட மீன் பெட்டி ஒன்றுக்குள் வெற்றுப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு போனேன். அன்று பின்னேர பஸ்ஸிலேயே அது மட்டக்களப்புக்குப் போய் ரயில் ஏற வேண்டும். மாடுகளோ காட்டில் திரிந்து பழகியவை. முதலில் பிடித்த நாம்பன், இளங்காளை, என்னைச் சேற்றில் உதைத்துத் தள்ளியது. போத்தலொன்று உடைந்தது. "கடல்ல போறவண்ட மகனுக்கு மாட்டுக்குத் தல எது, வால் எது எண்டு காட்டி உடுங்கடா" என்று அவர் தன் ஆட்களிடம் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

லுஹர் தொழுகை நேரமானபோது சில போத்தல்கள்தான் நிறைந்திருந்தன. மிச்ச மாடுகளை மரங்களில் கட்டிவிட்டு, தொழுதுவிட்டு வந்து பிடிப்போம் என்று அவர்கள் வாய்க்காலுக்குப் புறப்பட்டார்கள். என்னையும் கூப்பிட்டார் பட்டிக்காரர். என் உடுப்பெல்லாம் இரத்தம், தவறும் தொழுகையைப் பிறகு கழாச் செய்கிறேன் என்றேன். அது உண்மைதான். தங்கள் மாட்டு இரத்தத்தால் என் தொழுகை பிந்துகிறதே என்று அவர் மனம் வருந்திக்கொண்டே போனார்.

நான் தனியே நின்றேன். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. கட்டியிருந்த மாடுகள் என்னைக் கண்டதும் கயிற்றை இழுத்துத் துள்ளின. ஒரு வெள்ளைப் பசு மட்டும் அசைபோட்டபடி நின்றது. எங்கோ சந்தையில் வாங்கிப் பட்டியில் சேர்த்த பசு. அதன் கழுத்தில் ஊசியை வைத்தேன். அசையவில்லை. ஒரு போத்தல் நிறைந்தது. அடுத்ததையும் வைத்தேன். மிச்சப் போத்தல்கள் எல்லாவற்றையும் அந்த ஒரே பசுவிலிருந்து நிரப்பினேன். அது தலையைத் திருப்பி என் முழங்கையை நக்கியது.

அவர்கள் திரும்பி வரும்போது மூடிகளெல்லாம் போட்டாயிற்று. தனியாகவா எடுத்தீர்கள் என்று பட்டிக்காரர் வியந்தார். கைப்பக்குவம் பிடிபட்டுவிட்டது என்றேன். பகிடி பண்ணியதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். உம்மாவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு முட்டித் தயிரும் தந்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. அலுவலகத்தில் பட்டிக்காரரும், அவரை மறித்தவர்களும் நிற்க, டொக்டர் வாசித்தார். முதலில் எடுத்த சில மாடுகள் சுத்தம். மற்றெல்லாவற்றிலும் நோய் வந்துபோன அடையாளம். பட்டியை நகர்த்தக்கூடாது.

"வாய் மறைச்சத ரெத்தம் சொல்லிட்டுது" என்றார் மறித்தவர்களில் ஒருவர்.

பட்டிக்காரர் வாதாடவில்லை. "எனக்குத் தெரியாம வந்திருக்கும்போல" என்று மட்டும் சொன்னார். தன் கண்ணைச் சந்தேகித்தாரே தவிர, என் கையைச் சந்தேகிக்கவில்லை. எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. குறி இருந்தது அந்த வெள்ளைப் பசுவில்தான். அதை எல்லா மாட்டிலும் சுட்டவன் நான்.

மறுநாள் காலையில் டொக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். உன்னை வைத்திருப்பதா அனுப்புவதா என்று பிறகு யோசிக்கிறேன்; யாருடைய பெயரைக் கெடுத்தாயோ, முதலில் அவரிடம் போ என்றார்.

சைக்கிளில் போனேன். பட்டிக்காரர் மாட்டுக்கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். கயிற்றைத் திரித்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பசு ஒன்ன உதைக்கல்லையா?"

"இல்ல சாச்சா."

"உதைச்சிருக்கணும்."

அதுவரை 'வாங்க, போங்க' என்று கதைத்தவர், அன்று முதல் என்னை 'நீ' என்றார்.

சந்தியிலுள்ள தேநீர்க் கடையில் எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவர் கையை நீட்டி மறித்தார். "சொன்னா ஒண்ட வேல போகும். ஒனக்குக் கடலும் தெரியா, மாடும் தெரியா, என்னத்தச் செய்வாய்? திரும்ப எடு. முடிவு வாற வரைக்கும் அவனுகள் சொல்றதச் சொல்லட்டும்."

இரண்டாம் முறை டொக்டரே காற்சட்டையோடு சேற்றில் இறங்கி ஒவ்வொரு மாட்டின் தலையையும் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு போத்தலையும் வாங்கி, மாட்டையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தார்.

முடிவு வருவதற்குள் மழை பிடித்துவிட்டது. சுற்றிலும் வயல் விதைத்தாயிற்று. பட்டி வாய்க்கால் கரையில் நெருங்கி நின்றது. அலுவலகம் விட்டதும் நான் புல் அறுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன். கன்றுகளின் விலா எலும்பு தெரிந்தது. வழியில் சந்திக் கடையில் தேநீர் குடிக்கும்போது, நோயை மறைத்த பொய்யன் என்று அவரைப் பற்றிப் பேசுவார்கள். நான் குனிந்து குடித்துவிட்டு எழுந்து போவேன். அவர் சொல்லவேண்டாம் என்றது உண்மை. ஆனாலும் சொல்லியிருக்கலாம். போத்தலில் செய்ததைவிட, அந்தக் கடையில் வாய் மூடியிருந்ததுதான் இன்றும் எனக்குக் கனக்கிறது.

அல்ஹம்துலில்லாஹ், முடிவு வந்தது. வெள்ளைப் பசுவைத் தவிர அத்தனை மாடும் சுத்தம். பசுவுக்கு நோய் வந்தது அதை வாங்குவதற்கு முன்பாக இருக்கவேண்டும் என்றார் டொக்டர். இந்த முறை டொக்டரே நின்று எடுத்ததால் மறித்தவர்கள் வழி விட்டார்கள். பட்டி இறக்காமப் பாதையில் ஏறிப்போவதை வாய்க்கால் கரையில் நின்று பார்த்தேன். ஒரு கன்றும் சாகவில்லை. டொக்டரும் என்னை அனுப்பவில்லை.

வெள்ளைப் பசுவுக்கு மட்டும் அங்கே அனுமதி இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தால், எங்கள் மணல் வளவில், தென்னையில் அது கட்டியிருக்கிறது. பட்டிக்காரர் கிடுகு வேலிக்கு அருகே நின்று உம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கட மகனுக்கு இதுட ரெத்தம் மட்டுந்தான் தெரியும், ராத்தா. சாணியும் தெரியட்டும்."

உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தப் பசு எங்கள் வளவில் பல வருடம் இருந்தது. ஒவ்வொரு காலையும் சாணி அள்ளி, தண்ணீர் காட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். அப்போதும் திரும்பி என் முழங்கையை நக்கும். எங்களிடம் வந்து ஒரு கன்றும் போட்டது. அந்தப் பாலில்தான் என் மூத்த பிள்ளை வளர்ந்தான். பிறகு ஓய்வு பெறும்வரை எத்தனையோ ஆயிரம் மாடுகளிடம் இரத்தம் எடுத்தேன். ஒரு போத்தலும் மாறவில்லை.

நோய் போன பிறகும் இரத்தத்தில் தங்கி, அதே நோய் திரும்ப வராமல் காக்கும் அந்தக் குறியைப்போல, அன்றைய வெட்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது. அதை அழித்துவிடு என்று நான் ஒருநாளும் அல்லாஹ்விடம் துஆக் கேட்டதில்லை.