ஆறாம் வகுப்பு மாடியில் இருந்தது

ஸ்டெல்லா டீச்சர் இறந்துவிட்ட செய்தி எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலை ஒன்பது மணிக்கு அவருடைய படம். கீழே வரிசையாக அஞ்சலிகள். ஒன்பதேகாலுக்கு அதே குழுவில், ‘விடுபட்ட பதிவுகளை இன்று மாலைக்குள் முடிக்கவும்’ என்று அதிகாரியின் செய்தி. ‘சரிங்க சார்’ என்று பத்துப் பேர் பதில் போட்டிருந்தார்கள். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன்.

இராஜபாளையத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சிறப்புப் பயிற்றுநராக அவரை உங்களில் பலருக்குத் தெரியும். கடைசிவரை தொகுப்பூதியம்தான், நிரந்தரம் ஆகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கல்வி அலுவலகத்தில் பள்ளி விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவன் நான். அவரிடம் படித்த பிள்ளைகளின் வருகைப் பதிவுகள் என் கை வழியாகத்தான் போகும்.

நான் வேலையில் சேர்ந்த முதல் மாதமே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். “வரலைன்னு மட்டும் போட்டா என்ன தெரியும் தம்பி? எதனால வரலைன்னு பக்கத்துல ஒரு கட்டம் போடுங்க.” மேலிடத்தில் கேட்காத கட்டம் எதற்கு என்றேன். “அவிய கேக்கலைன்னா என்ன, நம்ம கேப்போம்.” எரிச்சலாக இருந்தாலும் தனியாக ஒரு தாளில் போட்டுக்கொடுத்தேன். ஒரு பள்ளியில் ஒரு பிள்ளைக்குத் தொடர்ந்து மூன்று மாதம் ‘காதுக் கருவி வேலை செய்யவில்லை’ என்றே வந்ததைக் காட்டி, அந்தப் பிள்ளைக்குப் புதிய பேட்டரி வாங்க வைத்தார். அப்போதுதான் அவர் எதற்குக் கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு மதியம், “நடக்க முடியாத பிள்ளைகள மட்டும் பிரிச்சுக் காட்டுங்க” என்றார். பிரித்தேன். ஐந்தாம் வகுப்பு வரை ஒழுங்காக வந்த ஏழு பிள்ளைகள், ஆறாம் வகுப்புக்குப் போன ஓரிரு மாதத்தில் நின்றுபோயிருந்தார்கள். ஏழும் வெவ்வேறு பள்ளிகள். காரணம் மட்டும் ஒன்றுதான்: அம்மாவால் தூக்க முடியவில்லை. டீச்சர் ஏழு பள்ளிகளின் பெயரையும் திரையில் விரல் வைத்து வாசித்தார்.

“இந்த ஏழு பள்ளிக்கூடத்துலயும் ஆறாம் வகுப்பு மாடியில இருக்கு தம்பி. படிப்பு வராம நிக்கல இந்தப் பிள்ளைக. படி ஏற முடியாம நிக்குதுக.”

அந்த ஒற்றைத் தாளைப் பார்த்துவிட்டுத் தளவாய்புரத்தில் ஒரு தலைமையாசிரியை மறுநாளே ஆறாம் வகுப்பைக் கீழ் அறைக்கு மாற்றினார். பெஞ்சுகளை இறக்க அரைநாள் ஆனது, அவ்வளவுதான். நின்றுபோயிருந்த முத்துமாரி அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் இருந்தாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மற்ற ஆறு பள்ளிகளுக்கும் ஓர் உத்தரவு போட்டால் போதும் என்று டீச்சர் நம்பினார்.

அடுத்த கூட்டத்தில் தாளை அதிகாரியிடம் நீட்டினார். “ஆறு பேர் இடைநிற்றலா? அறிக்கையில நம்ம பகுதிய சிவப்புல காட்டுமே” என்ற அதிகாரி, என் பக்கம் திரும்பி, “எல்லாத்தையும் வீட்டுவழிக் கல்வின்னு மாத்திருங்க, நின்னதாக் காட்டாது” என்றார்.

“வகுப்பை மாத்தச் சொன்னா, பிள்ளைக பேருக்கு நேரா எழுதியிருக்கத மாத்துறீங்களே சார்” என்றார் டீச்சர்.

அன்று மாலையே மாற்றினேன். ஐந்து நிமிட வேலை. அந்த வருடம் இடைநிற்றலே இல்லை என்று எங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அந்த ஆறு வீடுகளுக்கும் வாரம் ஒருமுறை போகவேண்டும் என்ற உத்தரவு டீச்சருக்குப் போனது.

போனார். நான்கு வருடத்துக்கு மேல், பஸ்ஸிலும் நடையிலுமாக, இதய நோய் என்று தெரிந்த பிறகும் போனார். “நீங்க பட்டனைத் தட்டுனதுக்கு நான் நடக்கேன் தம்பி” என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அதற்குப் பிறகு பதிவு விஷயம் தவிர வேறெதுவும் என்னிடம் அவர் பேசியதில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தார். சேத்தூர்ப் பக்கத்துக் கிராமம். அந்த ஆறு பேரில் ஒருத்தியான செல்வியின் அம்மா. “அவிய வந்துதான் எம்பிள்ள எழுத்துக்கூட்டிப் படிச்சுது. இனிமே யாரு சார் வருவா?”

மறுநாள் செல்வியின் பழைய பள்ளிக்குப் போனேன். ஆறாம் வகுப்பு இன்னும் மாடியில்தான் இருக்கிறது. கீழ் அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். செல்வியைப் பற்றிக் கேட்டதும் தலைமையாசிரியர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “அந்தப் பிள்ளைக்கு என்ன சார் குறை? எட்டாவது வரைக்கும் பாஸ்னு இருக்கே.”

அங்கிருந்து நேராகச் செல்வியின் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

“உங்க பிள்ளை நின்னுபோச்சுன்னு டீச்சர் சரியாத்தான் எழுதிக் குடுத்தாவ. அத மாத்துனது நான்தாம்மா.”

அவர் திட்டவில்லை. “அப்ப, இப்பப் போயி ஆறாவதுல சேத்துக்கிருவாகளா சார்?” என்று கேட்டார். செல்விக்குப் பதினாறு வயது. வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது பாஸ் என்று பதிவாகியிருக்கிற பிள்ளையை ஆறாவதில் சேர்க்க முடியாது என்று அவளிடமே சொன்னேன்.

ஸ்டெல்லா டீச்சர் பல பிள்ளைகளுக்கு எழுத்தைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அவர் விட்டுப்போனது ஆறு வீட்டு வாசல்கள். ஒன்றில்தான் ஏறியிருக்கிறேன். இன்னும் ஐந்து வீட்டில் இதைச் சொல்லவேண்டும்.